ஒன்றரை ஷிப்ட்டுக்குப் பிறகு பசிக்கும் ஊர்

திருப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடை தேறுமா தேறாதா என்பதைச் சனிக்கிழமை இரவு சொல்லிவிடும். பனியன் கம்பெனிகள் பலவற்றில் இன்றும் வாரச் சம்பளம்தான். கணக்கு முடித்துப் பணம் வாங்கியவர்கள் எட்டரை மணிக்கு வெளியே வந்தால், பி.என். சாலையிலும் மங்கலம் சாலையிலும் பிரியாணிக் கடைகளில் நிற்க இடமிருக்காது. வியாழக்கிழமை அதே கடைக்குப் போனால் பரோட்டா மாஸ்டர் அடுப்பைத் தணித்துவிட்டு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற ஊர்களில் ஓட்டல்காரரின் வாரத்தை விடுமுறை நாள் தீர்மானிக்கிறது; இங்கே கம்பெனி கேஷியர் தீர்மானிக்கிறார்.

திருப்பூரின் புதிய உணவகங்களைப் பற்றி இப்போது காணொளிகளுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் ஒரே காட்சிகள்தான். அவிநாசி சாலையில் கண்ணாடி முகப்பு வைத்த மந்தி உணவகம். கால் மடக்கி உட்கார்ந்து நான்கு பேர் ஒரே தாம்பாளத்தில் சாப்பிடும் ஏமன் நாட்டுப் பழக்கம், ஹைதராபாத், மலபார் வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பல்லடம் சாலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் குடிசை போட்டு விறகடுப்பு எரியும் ‘கிராமத்து விருந்து’. மாடியில் மஞ்சள் விளக்குச் சரம் தொங்கும் கஃபே; காபி இருநூறு ரூபாய், கூடவே படம் எடுக்க ஒரு ஊஞ்சல். வாழை இலை நிறைய முப்பது வகை வைத்து, முடித்தால் பரிசு என்று அறிவிக்கும் ஓட்டல். காணொளிக்காரர் ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார். இந்த வகை உணவகங்கள் கோவையில் இருக்கின்றன, சேலத்தில் இருக்கின்றன, நாளை தாராபுரத்துக்கும் வரும். அவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றுமதியாளர் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிறு இரவு கோவை வரை வண்டி ஓட்டிப்போவது மிச்சமாகிறது. ஆனால் அவற்றை வைத்துத் திருப்பூர் எப்படிச் சாப்பிடுகிறது என்று எழுதினால் அது பொய்க்கணக்காகிவிடும்.

2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. அந்தத் துணியைத் தைத்தவர்களில் பலருக்கு வீட்டில் சமையலறை இல்லை. இருந்தாலும் சமைக்க நேரம் இல்லை. என் கட்சி இதுதான்: திருப்பூரில் வெளியே சாப்பிடுவதைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதக் கூடாது, உற்பத்திச் செலவில் எழுத வேண்டும். தையல் மெஷினுக்கு மின்சாரம் எப்படியோ அப்படித்தான் டைலருக்கு மெஸ். மின்தடை வந்தால் சங்கங்கள் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கின்றன. ராத்திரி பத்தரைக்கு இட்லிக் கடையை மூடச் சொன்னால் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கம்பெனியின் நாளைப் பாருங்கள். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். யாரும் அத்தோடு எழுவதில்லை. ஆர்டர் இருந்தால் இரவு எட்டரை வரை ஓட்டி ‘ஒன்றரை ஷிப்ட்’ ஆக்கினால்தான் வாரக் கடைசியில் கையில் நாலு காசு நிற்கும். கப்பலுக்குச் சரக்கு போக வேண்டிய வாரம் என்றால் நள்ளிரவும் ஆகும். நிட்டிங், டையிங், காம்பாக்டிங் யூனிட்டுகளும், பல்லடம், அவிநாசிப் பக்கத்து நூற்பாலைகளும் ராத்திரி முழுக்க ஓடுகின்றன. கணவன் சிங்கரில், மனைவி செக்கிங்கில். லைன் வீட்டுக்கு ஒன்பது மணிக்குத் திரும்புகிறவர்கள் அதன்பிறகு உலை வைப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கருணையில்லாத எதிர்பார்ப்பு. வழியில் ஆறு பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கினால் பிள்ளைகள் தூங்குமுன் சாப்பிட்டுவிடும். ‘திருப்பூர்ப் பெண்கள் சமைப்பதே இல்லை’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் அவர்களோடு ஒரு வாரம் பவர் டேபிளில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பரோட்டாவும் சால்னாவும் கொங்கு நாட்டுச் சமையல் அல்ல. மதுரை, தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் என்று தெற்கத்திச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களோடு வந்த சரக்கு. தஞ்சை, திருவாரூர்க்காரர்கள் வற்றல் குழம்பையும் கருவாட்டையும் கொண்டுவந்தார்கள். போயம்பாளையம், பிச்சம்பாளையம், பாண்டியன் நகர் பக்கத்துச் சந்துகளில் உள்ள மெஸ்களை நடத்துகிறவர்களில் அப்படி வந்த குடும்பங்கள் நிறைய. பெயர்ப் பலகை இருக்காது. வீட்டின் முன்னறையில் இரண்டு பெஞ்சு, சுவரில் கம்பெனிக் காலண்டர், ஆணியில் தொங்கும் கணக்கு நோட்டு. காலையில் டிபன், மதியத்துக்குத் தூக்குச் சட்டியில் கட்டிக்கொடுப்பது, ராத்திரி தோசை. பணம் சனிக்கிழமை. ஆர்டர் இல்லாத மாதங்களில் அந்த நோட்டில் ஏறும் பாக்கி முழுவதும் மெஸ் நடத்தும் அக்காவின் தலையில் விழும். எந்த வங்கியும் இல்லாமல் இந்த ஊரில் ஓடுகிற மிகப் பெரிய கடன் திட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

பேக்கரிகளைச் சொல்லாமல் போக முடியாது. கொங்கு நாட்டில் பேக்கரி என்றால் கேக் வாங்கும் இடம் என்று நினைப்பவர் வெளியூர்க்காரர். விடியுமுன்பே திறந்து, தேங்காய் பன்னும் பஃப்ஸும் டீயுமாக ஊரின் பாதிப் பேருக்குக் காலை உணவை முடித்துவைப்பது அதுதான். பதினொரு மணிக்கும் நாலரைக்கும் கம்பெனி வாசலில் கேன் டீயும் வடைத் தட்டுமாகச் சைக்கிள் வந்து நிற்கும். பத்து நிமிடம், அதற்குள் குடித்து முடிக்க வேண்டும். மாலையில் அதே வாசலுக்குக் காளான் வண்டி வரும். பெயர்தான் காளான், முக்கால்வாசி முட்டைக்கோஸும் மைதாவும். பிய்த்துப் போட்டுக் கொதிக்கும் மசாலாவில் பிரட்டி, மேலே வெங்காயம் தூவிக் கொடுத்தால், எங்கே காளான் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் பதினைந்து ஆண்டுகளில் திருப்பூர் நாக்கில் நடந்த உண்மையான மாற்றம் இதற்கெல்லாம் அடுத்தது. தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் திருப்பூர் நிலையத்தில் நிற்கும்போது பொதுப்பெட்டியிலிருந்து இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜார்க்கண்ட், ஒடிசா, பிஹார், மேற்கு வங்கம், அசாம். முதலில் வந்தவர்கள் கம்பெனி கொடுத்த சோற்றையும் சாம்பாரையும் முகம் சுளித்துத் தின்றார்கள். பிறகு தங்களில் ஒருவரைச் சமையலுக்கு நிறுத்தினார்கள். அந்த ஒருவர் பிறகு கடை போட்டார். இன்று 15 வேலம்பாளையத்திலும் அனுப்பர்பாளையத்திலும் நல்லூரிலும் ஒடியாவிலும் இந்தியிலும் எழுதிய தட்டிகள் சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருக்களில் கடுகெண்ணெய் காயும் நெடி மூக்கைத் துளைக்கும். மளிகைக் கடை அண்ணாச்சி கடுகெண்ணெய், சத்து மாவு, அவல், பொரி, உருளைக்கிழங்கு மூட்டை என்று வைத்திருக்கிறார். ‘ஆலு கித்னா’ என்று அவரே கேட்கிறார். தணலில் சுட்ட லிட்டி, கத்தரிக்காய் சோக்கா, மீன் குழம்பும் சோறும், மாலையில் ஆவி பறக்கும் மோமோ. மோமோவுக்குத் தட்டு நீட்டி நிற்பதில் பாதிப் பேர் நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள்.

எதிர்த்திசையிலும் ஒரு போக்கு உண்டு, அதைக் காணொளிகள் பார்ப்பதே இல்லை. அவிநாசி சாலையின் பெரிய உணவகங்களில் அடுப்படிக்குள் எட்டிப் பாருங்கள். தந்தூரில் ரொட்டி தட்டுபவர், ஃபிரைடு ரைஸ் கிளறுபவர், தட்டுக் கழுவுபவர் என்று பெரும்பாலோர் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள். ‘கொங்கு நாட்டுப் பாரம்பரிய விருந்து’ என்று பலகை வைத்த இடத்தில் அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளிப்பவர் அசாமியராக இருந்தால் ஆச்சரியமில்லை. நன்றாகத் தாளிக்கிறார் என்பதுதான் முக்கியம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பிஹார் அரசின் குழு திருப்பூர் வரைக்கும் வந்து விசாரித்துப் போனது. அந்த நாட்களில் கம்பெனி மெஷின்கள் காலியானதைப் பற்றித்தான் செய்தி வந்தது. காலியான அடுப்படிகளைப் பற்றி வரவில்லை.

சமைப்பதற்கு இடமே இல்லாத வாழ்க்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2025 ஜூலை காட்டியது. திருப்பூரில் தகரக் கொட்டகைகளாக நெருக்கி அடித்திருந்த ஒரு குடியிருப்பில் எரிவாயு சிலிண்டர் வெடித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்து சாம்பலாயின. எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்து, அதே அறையில் அடுப்பும் வைக்கிற நிலையில் விபத்து நடக்காமல் இருப்பதுதான் அதிசயம். குறைந்த விலையில், சுத்தமாக, பக்கத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தால் அந்த அறையில் அடுப்பு எரிய வேண்டிய தேவை பாதியாகக் குறையும்.

இனிக் கோழி. இந்த ஊரின் புதிய உணவகங்கள் எந்த நாட்டுப் பெயரை வைத்துக்கொண்டாலும், தட்டில் வந்து விழுவது கறிக்கோழிதான். மந்தி, கிரில், ஷவர்மா, சிக்கன் ரைஸ், பள்ளிபாளையம் சிக்கன், பிச்சுப்போட்ட கோழி எல்லாம் அதுவே. காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலையை அன்றாடம் அறிவிப்பது பல்லடத்தில் இயங்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு. 1984-ல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம், 1990-களில் குஞ்சும் தீவனமும் கொடுத்து விவசாயி கொட்டகையில் வளர்க்கச் செய்யும் ஒப்பந்த முறையை இந்தப் பக்கம் பரப்பியது. மழை பொய்த்த பல்லடம், பொங்கலூர், உடுமலைக் காடுகளில் சோளமும் பருத்தியும் போட்டவர்கள் கோழிக் கொட்டகை போட்டார்கள். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ தாண்டும் கோழி, இருபது கிலோமீட்டருக்குள் கசாப்புக் கடை. சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலையில் கறி கிடைப்பதற்கு இதுதான் மூலம். ஆட்டுக்கறி கிலோ விலையைக் கேட்டுவிட்டுத் திரும்புகிற குடும்பம் அரைக் கிலோ கோழியோடு வீடு போகிறது. வளர்ப்புக் கூலி பற்றவில்லை என்று அதே ஒப்பந்த விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலிவுக் கோழியின் மலிவு யாரோ ஒருவர் கணக்கிலிருந்துதான் வருகிறது.

இந்த மாவட்டத்துக்கென்று வேறு பெருமைகளும் உண்டு. ஊத்துக்குளி வெண்ணெயும் நெய்யும் ஒரு காலத்தில் சொல்லி வாங்கும் சரக்கு. காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய், மூலனூர் முருங்கை, கொள்ளு, கம்பு, சந்தகை, ஒப்பிட்டு. புதிய ‘கிராமத்து விருந்து’ உணவகங்கள் இவற்றில் சிலவற்றை மீட்டு, நல்ல விலையும் வைத்திருக்கின்றன. கொள்ளுப் பருப்பும் கம்மங்கூழும் ஏழை உணவாக இருந்து, இப்போது சொகுசுக் காரில் போய்ச் சாப்பிடுகிற உணவாகிவிட்டன. எனக்கு அதில் வருத்தமில்லை, ஒரு சின்னச் சிரிப்பு மட்டும் உண்டு. காட்டு வேலைக்குப் போன பாட்டி அந்தக் கூழை விட்டு எப்போது தப்பிப்போம் என்றிருந்தாள். பேரன் அதற்கு வரிசையில் நிற்கிறான்.

சுகாதாரம் பற்றிப் பேசினால் உடனே தள்ளுவண்டியைக் கைகாட்டுவது வழக்கம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தபோது, அந்த உணவு வாங்கப்பட்டது தெருவண்டியில் அல்ல, உணவகத்தில். அதன் பிறகு மாநிலம் முழுக்கச் சோதனைகள் நடந்தன. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயில் போலார் கலவைகள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018-லிருந்து இருக்கிறது. இந்த விதிகள் எல்லாம் நல்லவை. ஆனால் தண்ணீர்க் குழாய் இல்லாத இடத்தில் நிற்கும் வண்டிக்காரர், வாளியில் தட்டை முக்கி எடுக்கிறார் என்று அபராதம் போடுவதால் தட்டு சுத்தமாகாது. ஒரு பொதுக் குழாயும் சாக்கடை வழியும் கொடுத்துவிட்டுப் பிறகு அபராதம் போடலாம்.

குப்பை இன்னொரு கதை. கல் உடைத்துக் கைவிட்ட பாறைக்குழிகளில் மாநகரின் குப்பையைக் கொட்டுவதை எதிர்த்து, முதலிபாளையம் போன்ற ஊர்க்காரர்கள் லாரிகளை மறித்த போராட்டங்கள் எல்லோருக்கும் தெரியும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் இடங்கள் மக்கும் குப்பையைக் கூடியவரை தங்கள் வளாகத்திலேயே பதப்படுத்த வேண்டும் என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. பெரிய உணவகங்களும் கல்யாண மண்டபங்களும் அதில் வரும். சாயக்கழிவால் நொய்யல் செத்து, 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, பிறகு கழிவுநீரே வெளியேறாத முறையைக் கட்டிக் காட்டிய ஊர் இது. எலும்பையும் எச்சிலிலையையும் உரமாக்குவது அதைவிடவா கடினம்?

உணவகக்காரர்களுக்கும் நியாயமான மனக்குறைகள் உண்டு. 2017 நவம்பரிலிருந்து ஓட்டல் சாப்பாட்டுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி., ஆனால் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. அதாவது கடை வாடகைக்கும் ஏ.சி.க்கும் கட்டிய 18 விழுக்காடு முதலாளி தலையிலேயே நின்று, மெல்ல மெனு கார்டுக்குள் இறங்கும். 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் முன்னால் அன்னபூர்ணா ஓட்டல் உரிமையாளர் பன்னையும் கிரீமையும் வைத்து வரி விகிதக் குழப்பத்தைச் சொன்னார். நாடே அதைப் பற்றிப் பேசியது. உள்ளீட்டு வரிப் பிரச்சினையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவரும் செயலிகள் கேட்கும் கமிஷன் தாங்காமல் நாமக்கல் ஓட்டல்காரர்கள் 2025 ஜூலையில் விநியோகத்தையே நிறுத்திப் பார்த்தார்கள்.

அதைவிடப் பெரிய அடி அமெரிக்காவிலிருந்து வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அந்நாடு 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பும் திருப்பூர் ஆடிப்போனது. ஆர்டர் நின்றால் முதலில் போவது அந்த அரை ஷிப்ட். அரை ஷிப்ட் போனால் அடுத்துப் போவது சனிக்கிழமை பிரியாணி. மெஸ் நோட்டில் பாக்கி ஏறும். வாஷிங்டனில் போடும் கையெழுத்து பிச்சம்பாளையத்து மெஸ் அடுப்பை எட்ட ஒரு மாதம் போதும். ஏற்றுமதியாளர்களுக்கு வட்டிச் சலுகையும் கடன் தவணை நீட்டிப்பும் கேட்கப்பட்டன, சரிதான். கணக்கு நோட்டு வைத்திருக்கும் அக்காவுக்கு யாரும் கேட்கவில்லை.

என்ன செய்யலாம்? 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 100 ஆக்கியிருக்கிறது. புதிய தொழிலாளர் சட்டங்களைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்குக் காரணங்கள் உண்டு. இந்த ஒரு பிரிவை மட்டும் அவை கையில் எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலில் கேட்கலாம். முப்பது மெஷின் போட்ட ஜாப் ஒர்க் யூனிட்டுகள் அந்தக் கணக்குக்குள் வராது. அவற்றுக்குத் தெருவுக்கு ஒரு பொதுக் கேன்டீனைச் சங்கங்களும் மாநகராட்சியும் சேர்ந்து நடத்த என்ன தடை? அம்மா உணவகங்கள் 2013-லேயே வந்துவிட்டன. சென்னையில் மாலையில் 3 ரூபாய்க்கு 2 சப்பாத்தி கொடுக்க முடிந்தது. ரொட்டி தின்று வளர்ந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிற திருப்பூரில், கம்பெனிப் பகுதிகளில் இரவு பதினொரு மணி வரை அது கிடைக்க வேண்டும்.

இரவுக் கடைகள் விஷயத்தில் நமக்கு இரண்டு நியாயங்கள் நடக்கின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்ற அரசாணை 2019-ல் வந்து, 2022-லும் 2025-லும் நீட்டிக்கப்பட்டது. கண்ணாடி முகப்பு உணவகத்துக்கு அது போதும். கணவனும் மனைவியுமாக இட்லி அவிக்கிற தள்ளுவண்டிக்குக் காட்ட அப்படி ஒரு தாள் இல்லை. ரோந்து வண்டி விளக்கைப் பார்த்ததும் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். ஆனால் நைட் ஷிப்ட் நிட்டிங் ஆபரேட்டர் போய் நிற்பது அந்த வண்டியிடம்தான்.

2014-ம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு, கணக்கெடுப்பு, அடையாள அட்டை, விற்பனைப் பகுதி, விற்பனை நேரம் எல்லாவற்றுக்கும் வழி வைத்திருக்கிறது. திருப்பூர் மாநகராட்சி அந்தக் குழுவைக் கூட்டி, ஷிப்ட் நேரங்களையும் கம்பெனிப் பகுதிகளையும் வரைபடத்தில் குறித்து, எந்தத் தெருவில் எந்த வண்டி இரவு இரண்டு மணி வரை நிற்கலாம் என்று எழுதிக் கொடுக்கட்டும். இதற்குப் புதிய சட்டமோ சென்னையிலிருந்து நிதியோ தேவையில்லை.